ஷவர் தண்ணீரால் நிமோனியா வருமா? கட்டடக் குழாய்களில் வளரும் லெஜியோனெல்லா பாக்டீரியா

1976 ஜூலை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள பெல்வியூ-ஸ்ட்ராட்போர்ட் ஓட்டலில், 'அமெரிக்கன் லெஜியன்' என்ற முன்னாள் ராணுவ வீரர்கள் அமைப்பின் மாநாடு நடந்தது. வீடு திரும்பியவர்களுக்கு அடுத்தடுத்து கடும் காய்ச்சல், நிமோனியா. மொத்தம் 34 பேர் உயிரிழந்தனர். ஓட்டலுக்குள் காலடி வைக்காமல், வெளியே சாலையில் நடந்து போன சிலருக்கும் இதே பாதிப்பு வந்தது.

1977 ஜனவரியில்தான் காரணம் தெரிந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் விஞ்ஞானி ஜோசப் மெக்டேட் ஒரு புதிய பாக்டீரியாவை அடையாளம் கண்டார். அந்த அமைப்பின் பெயரை வைத்தே அதற்கு 'லெஜியோனெல்லா' என்று பெயர் வந்தது. ஓட்டலின் ஏசி அமைப்பு வழியாக அது பரவியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

எப்படிப் பரவுகிறது?

இந்தப் பாக்டீரியா ஆறு, ஏரிகளில் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். அங்கே பெரிய ஆபத்து இல்லை. கட்டடத்தின் குழாய்க்குள் பெருகி, தண்ணீர் சாரலாகத் தெறிக்கும்போதுதான் சிக்கல். கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துளிகளைச் சுவாசித்தால் பாக்டீரியா நுரையீரலுக்குள் போய்விடும். ஷவர், அலங்கார நீரூற்று, வெந்நீர்த் தொட்டி, பெரிய கட்டடங்களின் மாடியில் இருக்கும் கூலிங் டவர் ஆகியவை முக்கிய வழிகள். பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

எது இதை வளர்க்கிறது?

* வெதுவெதுப்பு: 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு வசதி. 60 டிகிரியில் தாக்குப்பிடிக்காது.
* தேக்கம்: தண்ணீர் ஓடாமல் நின்றால் அதிலுள்ள குளோரின் குறைந்துபோகும்.
* படிமம்: துரு, உப்புப் படிவு, குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பான படலம். இந்தப் படலத்தில் வாழும் அமீபாக்களுக்குள் புகுந்தும் இது பெருகும். அங்கே குளோரின் எளிதில் எட்டாது.

ஆக, தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தால் போதாது. அது எவ்வளவு சூட்டில், எத்தனை நாள் நின்றது என்பதுதான் கேள்வி.

வீட்டு ஏசியால் வருமா?

வராது. வீட்டு ஏசியும் கார் ஏசியும் குளிரூட்டத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை. ஓட்டல், மருத்துவமனை, மால் போன்ற இடங்களில் உள்ள கூலிங் டவர்களைத்தான் கவனிக்க வேண்டும். 2000-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மீன் காட்சியகத்தில் நோய் பரவியதற்கும், 2015-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பரவியதற்கும் கூலிங் டவர்களே காரணம். பிராங்க்ஸ் சம்பவத்துக்குப் பிறகு, கூலிங் டவர்களைப் பதிவு செய்வதை நியூயார்க் நகரம் கட்டாயமாக்கியது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

50 வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயாளிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், உடல்வலி ஆகியவை பொதுவாக 2 முதல் 14 நாட்களில் தெரியும். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 10 பேரில் ஒருவர் இறக்கிறார். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவை பலன் தரும். அதனால் அண்மையில் ஓட்டலில் தங்கியிருந்தாலோ, மருத்துவமனையில் இருந்திருந்தாலோ டாக்டரிடம் மறக்காம சொல்லிடுங்க. சிறுநீர்ப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கு.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம்ம ஊர் வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் தானாகவே இந்த வெதுவெதுப்புக்கு வந்துவிடும். அதனால்:

* டேங்க்கை அவ்வப்போது கழுவி, மூடி போட்டு வையுங்க.
* ஊருக்குப் போய்விட்டு வந்தால், முதலில் கீழ்க் குழாயைத் திறந்து, சாரல் தெறிக்காமல் பழைய தண்ணீரைச் சில நிமிடம் ஓட விடுங்க. அப்புறம் ஷவர்.
* ஷவர் முகப்பில் படியும் உப்பைத் தேய்த்து எடுங்க.
* டேங்க் உள்ள கீசரை 40 டிகிரியிலேயே வைக்காதீங்க. 60-ல் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து குளிங்க. நேரடியாகப் பட்டால் தோல் வெந்துவிடும், குழந்தைகள் விஷயத்தில் கவனம்.