விளையாட்டின் வழியே பழகக் கற்கலாம்: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். மாமா பிள்ளைகளும் சாச்சா பிள்ளைகளும் முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் அறை மூலையில் அமர்ந்து, பொம்மைக் காரைக் கவிழ்த்து வைத்து அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "நீயும் போய் விளையாடு" என்று கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் விட்டால், ஐந்தே நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. எல்லோர் பார்வையும் உம்மாவின் பக்கம் திரும்புகிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்ற பேச்சும் வருகிறது.

முதலில் இந்தப் பழியை நீக்குவோம். ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. 1943-ல் மருத்துவர் லியோ கேனர் இதை விரிவாகப் பதிவு செய்தார். பின்னர் சில காலம், தாயின் பாசக்குறைவுதான் இதற்குக் காரணம் என்று மருத்துவ உலகிலேயே சிலர் சொல்லிவந்தார்கள். அந்தக் கருத்து தவறென்று கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் குடும்பங்களில் மட்டும் அது ஏன் இன்னும் உயிரோடு இருக்க வேண்டும்?

விளையாட்டுக்குப் படிகள் உண்டு

அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், சிறு பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து 1932-ல் அதைப் படிகளாக வகுத்துக் காட்டினார். பிள்ளை தனியே விளையாடும். பிறர் ஆடுவதை வேடிக்கை பார்க்கும். பக்கத்தில் அமர்ந்து தன் போக்கில் ஆடும். பொருட்களைக் கொடுத்து வாங்கும். கடைசியில் விதிகளோடு சேர்ந்து ஆடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு படியையும் கடக்கக் கூடுதல் காலமும் துணையும் தேவைப்படலாம். தனியே சக்கரம் சுற்றும் பிள்ளையை நேரே கூட்டத்தில் விடுவது, முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குத் தூக்கிப் போடுவதாகும்.

நாம் அவர்களிடம் போக வேண்டும்

அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பான் உருவாக்கிய 'ஃப்ளோர்டைம்' முறையின் அடிப்படை எளிது. பெரியவர் தரையில் அமர்ந்து, பிள்ளையின் விருப்பத்தைப் பின்பற்றி அதன் விளையாட்டில் சேர வேண்டும். பிள்ளை சக்கரம் சுற்றினால் நாமும் ஒரு காரை எடுத்துச் சுற்றுவோம். கேள்வி வேண்டாம், கட்டளை வேண்டாம். பிள்ளை நம் காரைத் திரும்பிப் பார்த்தாலே கதவு திறந்துவிட்டது. பிறகு காரை அதன் பக்கம் உருட்டிவிட்டுக் காத்திருப்போம். அது திருப்பி உருட்டினால், பேச்சில்லாமலே ஓர் உரையாடல் நடந்துவிட்டது.

இங்கே காத்திருப்பதுதான் முக்கியம். ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டு "ஒன்று, இரண்டு..." என்று நிறுத்துங்கள். பிள்ளை ஒரு பார்வையாலோ சைகையாலோ சத்தத்தாலோ "மூன்று" கேட்கும், உடனே ஆட்டிவிடுங்கள். சோப்புக்குமிழி டப்பாவை மூடியபடியே கையில் கொடுங்கள். திறந்து தரச் சொல்லி நம்மை நாடும். நாள்தோறும் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு இப்படி அமருங்கள்.

ஒருவரிலிருந்து மூவருக்கு

பெற்றோரோடு 'என் முறை, உன் முறை' பழகிய பின், பொறுமையுள்ள ஒரே ஒரு பிள்ளையைச் சேர்க்கலாம். பந்து உருட்டுதல், பரமபதம் போன்ற ஆட்டங்கள் இதற்கு ஏற்றவை. யார் முறையோ அவர் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தால், காத்திருப்பது கண்ணுக்குத் தெரியும். சலிப்பு வரும் முன்பே ஆட்டத்தை முடித்துவிட வேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004-ல் எழுதிய லெகோ முறை நல்ல வழி. தம்மிடம் வந்த இரு பிள்ளைகள் லெகோ கட்டைகளால் தாமாகவே ஒருவரோடு ஒருவர் நெருங்கியதைக் கண்டு அவர் இதை உருவாக்கினார். இதில் ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் கட்டையைத் தேடித் தருவார், ஒருவர் பொருத்துவார். பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். மூவரும் பேசாமல் வீடு எழும்பாது. சாதாரணக் கட்டைகளைக் கொண்டும் இதைச் செய்யலாம்.

மற்றப் பிள்ளைகளுக்கும் பாடம் உண்டு

தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்வதில் உள்ள சிரமம் இரு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைப் புரியாதது போலவே நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆகவே, பெயர் சொல்லி அழைத்துப் பதிலுக்குக் காத்திரு, கையிலுள்ளதைப் பிடுங்காதே, காதருகே கத்தாதே என்று உறவுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று முகத்தைத் திருப்ப வேண்டாம். பார்க்காமலும் கேட்க முடியும். யாருக்கும் தீங்கில்லாத கையசைப்பைத் தடுக்க வேண்டாம். அலறல் தொடங்கினால் ஆட்டத்தை நிறுத்தி அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள். அது பிடிவாதமாக இல்லாமல், தாங்க முடியாத சத்தத்தால் வந்த தவிப்பாகவும் இருக்கலாம்.

ஒரு வயது கடந்தும் பெயர் சொன்னால் திரும்பாமலும், ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாமலும் இருந்தால், 'தானாகச் சரியாகும்' என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைப் பயிற்சியாளர் ஆகியோரின் உதவியோடு வீட்டு விளையாட்டும் நடக்கட்டும். ஆட்டிசம், இந்தியாவின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவதால், அரசுச் சான்றிதழுக்கும் உதவிகளுக்கும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

அடுத்த முறை விருந்தாளிகள் வரும்போது அந்தப் பிள்ளையை முற்றத்துக்கு இழுக்க வேண்டாம். சாச்சா மகன் ஒருவனை, இன்னொரு பொம்மைக் காரோடு அந்த அறை மூலைக்கு அனுப்பிப் பாருங்கள்.