தறிக்குழியில் கேட்ட கேள்விகள்

பட்டு நெய்கிறவருக்கு டிவி பார்க்கத் தோதுப்படாது. கண்ணை எடுத்தால் இழை அறுந்தது தெரியாது; தெரிவதற்குள் நாலு விரற்கடை ஓடியிருக்கும், பிறகு பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் டிவியைக் கேட்டார்கள். வினாடிவினா இங்கே நிலைத்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் அதுதான். கேள்வியைச் சத்தமாக வாசிக்கிறார்கள், விடையையும் சத்தமாகச் சொல்கிறார்கள். தலை நிமிர வேண்டியதில்லை.

அந்த ஆட்டமே வானொலி வழியாக வந்ததுதானே. போர்ன்விட்டா வினாடிவினாவை 1972இல் ஹமீத் சயானி வானொலியில் தொடங்கினார். அவருக்குப் பின் தம்பி அமீன் சயானி. டெரிக் ஓ'பிரையனோடு அது டிவிக்கு வந்தது 1992இல். தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' 1985லேயே வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீஷ். எதிர்வீட்டில் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்வார்கள். எங்களுக்குப் பிடிபட்டது ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான்.

தமிழில் எங்கள் காதை இழுத்த முதல் போட்டி பொது அறிவே இல்லை, பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. இலங்கை வானொலியிலிருந்து சன் டிவிக்கு வந்தது. பாட்டு தொடங்க வேண்டிய எழுத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள், தார் சுற்றும் ராட்டையை நிறுத்தாமலே அம்மா பல்லவியை எடுத்துவிடுவாள்.

2000 ஜூலையில் இந்தியில் 'கோன் பனேகா க்ரோர்பதி'. அடுத்து சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்'. கோடியைவிட, கேள்வியோடு தரும் அந்த நாலு விடைகள்தான் எங்கள் தெருவைப் பிடித்தன என்பேன். முன்பெல்லாம் பதில் தெரிந்திருக்க வேண்டும். இதில் எது இல்லை என்று கழிக்கத் தெரிந்தால் போதும். எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவரும் "பி!" என்று கத்தலாம். தறிக்குத் தறி டீ பந்தயம் ஓடியது. எழுந்து போய்ப் பார்த்த நிகழ்ச்சி ஜெயா டிவியின் 'ஜாக்பாட்' ஒன்றுதான். அது கேள்விக்காக இல்லை, குஷ்பு போட்டுவரும் ஜாக்கெட்டுக்காக.

2012 பிப்ரவரியில் விஜய் டிவியில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' தொடங்கியபோது வீட்டுக்கு வீடு செல்போன் வந்திருந்தது, போட்டிக்குப் பெயர் கொடுப்பதும் எளிதாகியிருந்தது. நான் போய் உட்கார்ந்தது வேறொரு போட்டியில். சேனல் பெயர் வேண்டாம். எங்கள் தறியில் நெய்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். விளக்குப் போட்டுப் பார்த்த பையன் ஓடிவந்தான்: "ஜரிகை கேமராவுல அடிக்குதுக்கா, வேற புடவை இருக்கா?" பக்கத்தில் இருந்த பெண்ணின் பாலியஸ்டர் புடவையை இரவல் வாங்கிக் கட்டினேன். ஆரணியிலிருந்து வந்திருப்பவர் என்று என்னை அறிமுகப்படுத்தியதும் அந்தப் புடவையில்தான்.

உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் வேறு என்று புரிந்தது. வேகச் சுற்றில் கேள்வியை வாசிப்பார்கள், நாலு விடைகள் திரையில் விழுந்த நொடியே கடிகாரம் ஓடும். படித்து அழுத்த வேண்டும். எனக்கோ யாராவது வாசித்தால்தான் மூளை நகரும். தறி வீட்டில் பழகிய காது அப்படி. நான் காத்திருந்த நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அழுத்தி முடித்திருந்தார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது 2020 ஜனவரியில். கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், காது கேளாத, வாய் பேசாத மதுரைக் கௌசல்யா கார்த்திகா பதினைந்து கேள்விகளையும் முடித்து ஒரு கோடி வென்றார். காதுக்கென்று நான் நினைத்திருந்த ஆட்டத்தை அவர் கண்ணாலேயே ஆடி ஜெயித்தார்.

இந்தப் போட்டிகளில் பட்டைப் பற்றிக் கேட்டால் முசுக்கொட்டை இலை, காஞ்சிபுரம், அதோடு சரி. எங்கள் ஊரைக் கேட்கட்டுமே என்று, நான் போட்டிக்குப் போன அன்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஆரணிச் சண்டை எந்த ஆண்டு? 1751இல் ராபர்ட் கிளைவ் ராசா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் முறியடித்தது இங்கேதான். 1782இல் அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதியதும் இங்கேதான். போதாததற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொரு ஆரணி. கேள்விகள் தயாரிப்பவர் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு விடை சரின்னா கேஸ் போட்டுடுவாங்கக்கா."