பதிவேட்டில் இல்லாத பெயர்

1960களின் நடுவில் எங்கள் தெரு வேதபாடசாலையில் ஒரு பையன் இருந்தான். வயது 14. விடியற்காலையிலிருந்து அத்யயனம். சாயங்காலம் சந்தியாவந்தனத்துக்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரம் சித்திரை வீதியில் எங்களோடு பூப்பந்து. குடுமியை முடிந்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெட்டருகே நின்றானானால் அந்த மஞ்சள் பந்தை எங்களால் தொட முடியாது.

ஒரு வருஷம் ஜோனல் மேட்சுக்கு ஐந்தாவது ஆள் சரியாக அமையவில்லை. டிரில் மாஸ்டரிடம் போய் அவனைச் சேர்க்கச் சொன்னோம்.

"ஆட்டத்தை நானும் பார்த்திருக்கேன். ரிஜிஸ்டர்ல பேர் இல்லாதவனை எப்படிடா இறக்கறது?" என்றார். முதல் சுற்றிலேயே தோற்றோம்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954ல் தொடங்கியது. அதன் போட்டிகளில் ஆட, பள்ளி மாணவன்தான் என்ற சான்று வேண்டும். வெளியாளை இறக்கிக் கோப்பை தூக்குகிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அதற்குப் போட்ட வேலி அது. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தும். அதே பையன் பின்னாளில் பிரைவேட்டாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறினான். பரீட்சைக்கு வெளியாள் வரலாம், மைதானத்துக்கு வரக்கூடாதா?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் 1996லேயே இதற்குச் சட்டம் போட்டது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் அரசுப் பள்ளி அணியில் ஆடலாம். அப்படி ஆடிய டிம் டீபோ, 2007ல் கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். (அவர்கள் கால்பந்து என்பது கையால் ஆடுவது, அது வேறு கதை.)

நம் ஊரில் வேலி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018ல் 'கேலோ இந்தியா பள்ளி விளையாட்டு' என்று ஆரம்பித்ததை மறு வருஷமே 'இளையோர் விளையாட்டு' ஆக்கி, வயதுக்கணக்கில் பிரித்தார்கள். 2024 ஜனவரியில் திருச்சியிலும் சில ஆட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் கோப்பையில் 2023 முதல் பொதுமக்களுக்கென்றே தனிப் பிரிவு வந்துவிட்டது. பேரன் சொல்லி அந்த விதிகளைப் படித்துப் பார்த்தேன். பள்ளிப் பிரிவு 12 வயதில் தொடங்குகிறது. பொதுப் பிரிவோ 15லிருந்துதான். எங்கள் பாடசாலைப் பையன் இன்றைக்கு வந்து நின்றாலும் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.