மூன்று பைட் வித்தியாசம்

"தம்பி, ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் கிடக்கு. ஒண்ணை அழிச்சிடட்டுமா?"

ஸ்கேன் பிரிவில் இருந்த பெரியவர் இப்படிக் கேட்டபோது, பழைய இதழ்களின் சிறப்பு மலர்களைத் தேடி நான் அந்தக் காப்பகத்துக்குப் போய்வரத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எழுந்துபோய் அவர் திரையைப் பார்த்தேன். 'தொகுப்பு', அதற்குக் கீழே இன்னொரு 'தொகுப்பு'. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஓர் இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க எந்தக் கணினியும் விடாது. விட்டிருக்கிறது என்றால், கணினியின் கணக்கில் அவை ஒரே பெயர் இல்லை.

"ஐயா, இன்னைக்கு எதையும் அழிக்காதீங்க. கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

என் தேடலும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்கேன் செய்த பக்கங்களெல்லாம் நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருந்தன. நெட்வொர்க் வழியே எல்லா மேசைகளுக்கும் பகிரப்பட்டிருந்தன. எக்ஸெல் அட்டவணையில் ஒவ்வொரு மலருக்கும் கோப்புப் பாதை உண்டு. சிலவற்றைச் சொடுக்கினால் உடனே திறக்கும், சிலவற்றுக்கு 'கிடைக்கவில்லை' என்று பதில் வரும். அந்தக் கோப்பையே ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே போய் மவுஸால் தொட்டால் திறந்துவிடும். காப்பகத்தின் வடிவமைப்பாளர் வைத்திருந்த ஆப்பிள் மேக்கிலோ பெயர் தெரியும், தொட்டதும் பிழை வரும்.

பெட்டியைப் பராமரிக்க வந்தவர் முதலில் அனுமதிகளைச் சந்தேகப்பட்டார். நெட்வொர்க் பகிர்வில் எது கெட்டாலும் எல்லோரும் முதலில் கை வைப்பது அங்கேதான். அடுத்து எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பைச் சந்தேகித்தார். அதற்கும் காரணம் இருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் கணினிகளில் அது தானாக வருவதில்லை. நாஸ் பெட்டிகளில் ஓடும் சாம்பா என்ற பகிர்வு நிரலின் 2019-இல் வந்த 4.11 பதிப்பும் அதை அணைத்தே வைத்தது. பழைய ஸ்கேனர்கள் பல, பகிர்வில் எழுத முடியாமல் நின்றுபோனது இதனால்தான். ஆனால் இங்கே கோளாறு அதுவாக இருந்தால் கதவே திறந்திருக்காது. கதவு திறக்கிறது, உள்ளே சில அலமாரிகள் மட்டும் கைக்கு எட்டவில்லை.

கிடைக்காதவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன், கிடைத்தவற்றை இன்னொன்றில். தீபாவளி மலர் திறக்கிறது, பொங்கல் மலர் திறக்கவில்லை. சித்திரை மலர் உண்டு, கோடை மலர் இல்லை. எழுதிக்கொண்டே வந்தபோது கை தானாக நின்றது. கிடைக்காத பட்டியலில் ஒகர, ஓகார, ஔகாரக் குறி இல்லாத பெயர் ஒன்றுகூட இல்லை.

ஊகம் சாட்சி ஆகாது. வயரில் என்ன போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. 1991 டிசம்பரில், கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கிடையே ஓடிய பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டே கோப்புப் பகிர்வு மொழியைக் கற்று ஒரு சர்வர் நிரலை எழுதினார். எஸ், எம், பி மூன்றும் வருகிற சொல்லை அகராதியில் தேடித்தான் பின்னால் அதற்குச் சாம்பா என்று பெயர் வைத்தார். இன்றைய நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தச் சாம்பாவில்தான் ஓடுகின்றன. நானும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் வயர்ஷார்க் நிரலைப் போட்டுவிட்டு, அட்டவணையில் பொங்கல் மலரைச் சொடுக்கினேன். பெட்டி அனுப்பிய பதில் 'உனக்கு அனுமதி இல்லை' அல்ல. 'அந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்பது. அனுமதியைச் சந்தேகித்த வழி அத்துடன் முடிந்தது.

மிச்சம் இருந்தது பெயர். பெட்டிக்குள் கட்டளைத் திரையைத் திறந்து, இரண்டு 'தொகுப்பு'களின் பைட்டுகளையும் எண்ணினேன். ஒன்றில் 24. இன்னொன்றில் 27.

யுனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யு.டி.எஃப்-8 வடிவில் 3 பைட் எடுத்துக்கொள்ளும். தொகுப்பு என்ற சொல்லில் எட்டுக் குறியீடுகள், ஆகவே 24 சரி. அதில் ஒகரக் குறியின் பைட்டுகள் 224, 175, 138. மற்றதில் அந்த இடத்தில் 224, 175, 134, அதையடுத்து 224, 174, 190 என்று ஆறு நின்றன. முதல் மூன்றும் ஒற்றைக் கொம்பு, அடுத்த மூன்றும் கால். பழைய தட்டச்சுப் பொறியில் கொம்பு ஒரு விசை, எழுத்து ஒரு விசை, கால் ஒரு விசை என்று தட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 1991-இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம்; இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யுனிகோடின் விதி. பெட்டிக்குள் இருந்த லினக்ஸ் கோப்பு முறையோ எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது.

பிரித்து எழுதியது யார்? அதற்கு விடை பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வெளியாள் ஒருவர் மேக்கில் ஸ்கேன் செய்து கொடுத்த டிஸ்க் அது. ஆப்பிள் 1998-இல் கொண்டுவந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அந்த டிஸ்க்கை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு பெட்டிக்கு நகல் எடுத்தபோது பிரிந்த பெயர்கள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன. விண்டோஸில் தட்டச்சு செய்த அட்டவணை ஒட்டிய வடிவத்தைக் கேட்கிறது. மேக்கும் நெட்வொர்க்கில் கேட்கும்போது ஒட்டிய வடிவமாக மாற்றியே கேட்கிறது. பெட்டி 'இல்லை' என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை.

கொரிய மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மேக்கிலிருந்து வந்த கோப்புப் பெயர் விண்டோஸில் உயிரும் மெய்யும் பிரிந்து கண் முன்னே சிதறிக் கிடக்கும். தமிழில் அந்த உதவி இல்லை. பிரித்தாலும் ஒட்டினாலும் திரையில் 'தொ' ஒன்றுதான். கண் காட்டிக்கொடுக்காத பிழை என்பதால்தான் இத்தனை நாள் பிழைத்திருந்தது.

மாற்றுவது கடினமாக இல்லை. கான்வ்-எம்வி என்ற சிறிய நிரல் பெயர்களை ஒட்டிய வடிவுக்குக் கொண்டுவரும். நாம் வெளிப்படையாகச் சொன்னாலொழிய அது எதையும் மாற்றாது, எதை மாற்றப்போகிறது என்று மட்டும் பட்டியலிடும். அந்தப் பட்டியலைப் பெரியவரும் நானும் வரிவரியாகப் படித்த பிறகே அனுமதி கொடுத்தோம். அதன் பிறகும் சில தலைப்புகள் கிடைக்கவில்லை. 'மௌனம்' என்பதை யாரோ 'மெ', 'ள', 'னம்' என்று ளகரம் போட்டு அடித்திருந்தார்கள். யுனிகோடின் கணக்கில் இவை வேறு வேறு சொற்கள். எந்த நிரலும் சேர்த்துவைக்காது. அவற்றைக் கையால்தான் திருத்தினோம்.

இன்னும் சில, பெட்டிக்கே வந்து சேரவில்லை. பூட்டிய பகிர்வு ஒன்றில் ஈ-கிரிப்ட்-எஃப்.எஸ். என்ற மறையாக்கம் இருந்தது. அதில் ஒரு பெயர் 143 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் 47 குறியீட்டோடு முடிந்துவிடும், புள்ளியும் கொம்பும் சேர்த்து. கட்டுரைத் தலைப்பை முழுசாகப் பெயராக வைத்த கோப்புகள் வாசலிலேயே நின்றுவிட்டன. டிஸ்க் பத்திரமாக இருந்ததால் அவற்றைச் சுருக்கிய பெயரில் மறுபடி ஏற்ற முடிந்தது.

கடைசியாக, பெயர் மாற்றாமல் விட்டிருந்த அந்த இரண்டு 'தொகுப்பு'களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 24 பைட் ஃபோல்டரில் இருந்தது காப்பகமே அண்மையில் எடுத்த ஸ்கேன். 27 பைட் ஃபோல்டரில் டிஸ்க்கிலிருந்து வந்த பழைய ஸ்கேன். பெரியவர் அலமாரியிலிருந்து பொங்கல் மலரின் மூலப் பிரதியை எடுத்து வந்தார். முன்னட்டையும் முதல் நான்கு பக்கங்களும் பொடிந்து உறைக்குள் துகளாகக் கிடந்தன. புதிய ஸ்கேன் ஐந்தாம் பக்கத்தில் தொடங்கியது. பழையதில் அட்டை முழுசாக இருந்தது.

அவர் அழிக்க நினைத்தது அந்தப் பழையதைத்தான். தமிழ்ப் பெயரில் கோப்புகளை வைத்திருக்கும் நூலகத்தாருக்கும் காப்பகத்தாருக்கும், வீட்டில் தாத்தாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டரைக் கண்டால், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எதையும் அழிக்காதீர்கள்.