வெளியில் நடப்பவருக்காக எரியும் விளக்கு

எங்கள் நண்பன் ஒருத்தன் யப்பானிலிருந்து வந்த பாவித்த கார் ஒன்றை வாங்கினான். இரண்டு மாதத்தில் டாஷ்போட்டில் செம்மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கியது. கூடவே யப்பானிய எழுத்தில் ஒரு வரி. போனை நீட்டி மொழிபெயர்த்துப் பார்த்ததில் 'பாதசாரி' என்ற ஒரு சொல்தான் ஒழுங்காக வந்தது. கராஜுக்குக் கொண்டுபோனோம். "அது ஒண்டுமில்லைத் தம்பி, எஞ்சின் நல்லாத்தானே ஓடுது. ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டா லைட் நிண்டிடும்" என்றார் அங்கிருந்த அண்ணை.

நண்பனுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும்தான். அந்த விளக்கு எரிவதால் காருக்குள் இருக்கிற எவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகக்கூடியது றோட்டில் நடந்துபோகிற யாரோ ஒருவருக்கு. அவருக்கோ இந்த விளக்குத் தெரியாது. இப்படியொரு விளக்கு காருக்குள் எப்படி வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

பாதசாரிக்கான முதல் எச்சரிக்கை ஒரு மனிதன்தான். இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, றோட்டில் ஓடும் இயந்திர வண்டிக்கு 60 யார் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடக்கவேண்டும். வேகம் நகரத்தில் மணிக்கு 2 மைல், வெளியில் 4 மைல். (அவர் முக்கியமாக எச்சரித்தது குதிரைக்காரரைத்தான், அது வேறு கதை.) கொடி பிறகு கட்டாயமில்லாமல் போனாலும் முன்னால் நடக்கிற ஆள் 1896 வரை சட்டத்தில் இருந்தார். அந்த வருடம் ஓகஸ்ட் 17ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பலஸ் வளாகத்தில் பிறிஜெற் டிறிஸ்கோல் என்ற பெண் கார் மோதி இறந்தார். பிரித்தானியாவில் காரால் இறந்த முதற் பாதசாரி என்று அவரைச் சொல்வார்கள். தற்செயலான மரணம் என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, முன்னால் நடந்த ஆளையும் வீட்டுக்கு அனுப்பியது.

அதற்குப் பிறகு யார் யாருக்கு ஒதுங்குவது என்பதுதான் சண்டை. 1923இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி இயந்திரத்திலேயே பூட்டுப் போடவேண்டும் என்று 42,000 பேருக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். கார் வியாபாரிகள் திரண்டு பிரசாரம் செய்தார்கள். வாக்கெடுப்பில் அந்த யோசனை தோற்றது. அந்தக் காலத்தில்தான் 'ஜேவாக்கர்' என்ற சொல்லும் பரப்பப்பட்டது. 'ஜே' என்றால் பட்டிக்காட்டான். நூற்றாண்டுக் கணக்கில் எல்லோரும் நடந்த தெருவில் நடப்பதே பட்டிக்காட்டுத்தனம் ஆகிவிட்டது.

காருக்குள் விளக்குகள் கூடிக்கொண்டே வந்தன. முதலில் எஞ்சினுக்காக: ஒயில், பற்றரி. பிறகு உள்ளே இருப்பவருக்காக: சீற் பெல்ற், எயார்பாக். அதையும் சனங்கள் இலேசில் ஏற்கவில்லை. 1974ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்கள் பெல்ற் போடாவிட்டால் ஸ்ராட் ஆகாது. மக்கள் கொதித்ததில், அதே வருடமே அமெரிக்கக் காங்கிரஸ் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்க முடியாதபடி செய்தது. தன்னுடைய உயிருக்கான எச்சரிக்கையே இவ்வளவு எரிச்சல் என்றால், முன்பின் தெரியாதவரின் உயிருக்கான விளக்கை யார் மதிக்கப்போகிறார்கள்?

அந்த விளக்கு வர 2000கள் ஆனது. கார் மோதினால் பாதசாரியின் தலை பொனற்றில் அடிபடலாம். பொனற் மெல்லிய தகடுதான். அதற்குக் கீழே இருக்கிற எஞ்சின்தான் மண்டையை உடைப்பது. இடையில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் தகடு நெளிந்து அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வெற்றிடம் விட்டால் காரின் வடிவம் உயர்ந்துவிடும், அழகு போய்விடும் என்பது கம்பனிகளின் கவலை. ஐரோப்பாவில் சோதனை முறைகள் 1990களிலேயே தயாராக இருந்தும், சட்டம் 2003இல்தான் வந்தது. கார்க் கம்பனிகள் அதற்கு முன் 'நாங்களாகவே செய்கிறோம்' என்று கேட்டுப் பார்த்தன. கிடைத்த சமரசம்தான் எழும்பும் பொனற். 2004இல் ஹொண்டா லெஜன்ட், 2005இல் சிட்ரோயன் சி6. பம்பரில் இருக்கிற சென்சர் மோதலை உணர்ந்ததும் பொனற்றின் பின்பக்கம் கண்ணிமைக்க முன் சில அங்குலம் எழும்பும். 2012இல் வொல்வோ வி40 பாதசாரிக்கென்றே வெளியில் விரியும் எயார்பாக்கோடு வந்தது.

கமராவும் ரேடாரும் ஆளைக் கண்டு தாமாகவே பிரேக் போடுவது அடுத்த கட்டம். அங்கேயும் பழைய சண்டை போய் ஒளிந்திருந்தது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் ரெம்பி நகரத்தில் ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார், இரவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு றோட்டைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. கருவி 5.6 செக்கனுக்கு முன்பே அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கடவை இல்லாத இடத்தில் ஒருவர் கடப்பார் என்பதை அந்த மென்பொருள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று விசாரணை சொன்னது. காரோடு வந்த தானியங்கிப் பிரேக்கும் அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆக, 'ஜேவாக்கர்' என்ற சொல்லை உருவாக்கிய அதே எண்ணம் நூறு வருடம் கழித்துக் கணினிக்குள்ளும் இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்களில் மஞ்சள் கடவையில் நின்று கார் நிற்குமா நிற்காதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிற ஆக்கள் நாங்கள். இதையெல்லாம் வாசித்த பிறகு ரெசிஸ்டர் யோசனை தொண்டைக்குள் இறங்கவில்லை. நண்பனை இழுத்துக்கொண்டு வேறொரு கராஜுக்குப் போனோம். பம்பரை ஒருக்கால் இடித்தாலோ, சென்சர் வயர் கழன்றாலோ, பற்றரி பலவீனமானாலோ இந்த விளக்கு எரியலாம், முதலில் கணினியை மாட்டிப் பார்ப்போம் என்றார் அந்த மெக்கானிக். பொனற்றைத் தூக்கும் கருவிக்குள் வெடிமருந்து இருக்கிறது, நீங்கள் கை வைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

அரை மணித்தியாலத்தில் கூப்பிட்டுக் காட்டினார். தூக்கும் கருவி இரண்டும் ஏற்கெனவே வெடித்து முடிந்தவை. ஒருமுறைதான் வேலை செய்யும். பொனற்றை அமத்திப் பூட்டி, பெயின்ற் அடித்து, வயரில் யாரோ அழகாக ஒரு ரெசிஸ்டரும் போட்டிருந்தார்கள். அதன் ஒட்டு விட்டுப்போனதால்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

அந்தக் கார் முன்பு எதில் மோதியது என்று விற்றவருக்குத் தெரியாது. நாயாக இருக்கலாம், தூணாக இருக்கலாம் என்றான் நண்பன். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கருவிகளுக்கு ஓடர் கொடுத்திருக்கிறான், வர ஒரு மாதமாகுமாம். அதுவரை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.