இடித்துரைப்பாரும் வினவுவாரும்

பாளையங்கோட்டையில் 'கோச்சிங்' என்ற சொல்லுக்குத் தேர்வு என்றே பொருள். நீட், ஆசிரியர் தகுதித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு எனச் சுவரெங்கும் விளம்பரங்கள். அண்மையில் நம்மைக் காண வந்த பழைய மாணவி ஒருவர், மென்பொருள் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் பணியாற்றுபவர், "எக்சிக்யூட்டிவ் கோச் ஆகப் படிக்கிறேன், ஐயா" என்றார். எந்தத் தேர்வுக்கு என்று கேட்டோம். "தேர்வுக்கில்லை, நிறுவனத் தலைவர்களுக்கு" என்று சிரித்தார். நமது அறியாமையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சொல்லின் வரலாறு சுவையானது. ஹங்கேரி நாட்டில் கோச் என்றோர் ஊர். அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டி ஊர்ப்பெயராலேயே வழங்கி, ஐரோப்பாவெங்கும் பரவியது. நம் முன்னோர் 'கோச்சு வண்டி' என்றது அதைத்தான். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வின் அக்கரைக்கு ஏற்றிச் சென்ற தனி ஆசிரியரைக் கேலியாக அப்பெயரால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டுத் திடலுக்குச் சென்றது. 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' எனப்படும் நமது ஊர் அச்சொல்லின் ஆக்ஸ்ஃபோர்டுப் பொருளையே இன்றும் காத்து வருவது பொருத்தந்தான்!

திடலிலிருந்து அலுவலகத்திற்கு அது வந்த வழியும் தெளிவானது. 1974இல் டென்னிஸ் பயிற்றுநர் திமோதி கால்வே எழுதிய நூல், ஆட்டக்காரரின் உண்மையான எதிரி அவர் மனத்துக்குள்ளேயே இருக்கிறார் என்றது. ஜான் விட்மோர் அக்கருத்தை நிர்வாகத்துறைக்கு எடுத்துச் சென்று 1992இல் நூலாக்கினார். 1995இல் பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு அமெரிக்காவில் தோன்றியது. அதன் தொடக்கநிலைச் சான்றுக்கு 60 மணிநேரப் படிப்பும் 100 மணிநேர அனுபவமும் வேண்டும். உச்சநிலைச் சான்றுக்கோ 2,500 மணிநேர அனுபவம். கற்போர் தாம் நடத்திய உரையாடலின் ஒலிப்பதிவை மதிப்பீட்டுக்கு அளிக்கின்றனர். அதில் அறிவுரை மிகுந்தால் அது குறை. கேட்பதும், வினவுவதும், எதிரில் இருப்பவரே விடை காணும்வரை பொறுத்திருப்பதுமே அங்குக் கல்வி.

நமது மரபோ வேறு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய புறப்பாட்டு, 'செவியறிவுறூஉ' என்னும் துறையைச் சார்ந்தது. சிறு நிலத்தின் நெல்லும் அறுத்துக் கவளமாக்கினால் யானைக்குப் பலநாள் ஆகும். யானையே வயலில் புகுந்தால் அது தின்பதினும் காலால் அழிப்பது மிகுதி. வரி கொள்ளும் முறை இதுவென அரசன் முகத்துக்கு நேரே சொன்னார் புலவர். வினா இல்லை, தீர்ப்பே உண்டு. இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து.

இவ்விரண்டில் எது தலைவனுக்கு உதவும்? புலவனுக்கும் பரிசில் தேவை இருந்தது, எனினும் சொன்னான். இன்றைய பயிற்றுநருக்கு ஊதியம் தருவது பெரும்பாலும் நிறுவனம், மனம் திறப்பவர் அதன் அதிகாரி. இருவரிடையே இரகசியம் காக்கும் ஒப்பந்தமும் நெறிமுறையும் உள்ளன. ஆயினும் கசப்பைச் சொல்லாதிருக்க 'வினவுதல்' நல்ல மறைவிடமாகிவிடலாம் என்ற ஐயம் நமக்கு நீங்கவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1974 முதல் 1979 வரை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநராக இருந்த பில் கேம்பெல், பின்னாளில் கூகுள் தலைவர்களுக்கு வழிகாட்டினார். இருபுறமும் சமமாக நின்ற எந்த இழுபறியை இந்த வாரம் முடித்துவைத்தாய் என்ற பொருளில் அவர் கேட்டு வந்ததை மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை நினைவுகூர்ந்திருக்கிறார். மழுப்பாத பேச்சுக்கும் கேம்பெல் பெயர்பெற்றவர். வினவுதலும் இடித்துரைத்தலும் ஒருவரிடமே கூடுமென்பதற்கு அவர் சான்று.

மாணவியிடம் இவ்வளவும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள், ஐயா?" என்றார். நம்மிடம் விடை இல்லை. மறுநாள் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டோம். நெடுநேரம் போலத் தோன்றிய அமைதிக்குப் பின், கடைசி வரிசையிலிருந்து, அதுவரை பேசியே அறியாத ஒரு மாணவன் எழுந்தான்.