ஆறாம் வகுப்போடு நின்றவர்



மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிக்கப்பட்டன. பலர் பட்டணத்து வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் பழைய வீடுகள் சிலவற்றில் சுவரில் மாட்டிய படங்கள் மட்டும் மாறவில்லை. சாமி படங்களுக்கு அருகில், கதர்ச் சட்டையும் தோளில் துண்டுமாக, கறுத்து உயர்ந்த ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர்தான் காமராசர்.

அப்படி ஒரு படத்தின் கீழே அமர்ந்துதான் ஒரு தகப்பனார் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். அவருடைய மகன் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றை முடித்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். தகப்பனாருடன் காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் விசாரிக்கப் போனபோது தகப்பனார் சுவரைக் காட்டினார்.

“வாத்தியாரே, காமராசரு எத்தனாவது படிச்சாரு? அவரு நாட்டையே ஆளலையா? எம்மவன் மட்டும் எதுக்கு படிவம் அஞ்சு வரைக்கும் போவணும்?”

இது நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்தப் பெரியவரின் வரலாற்றை முழுமையாகப் பார்க்க வேண்டும்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். இன்று விருதுநகர் என்று அழைக்கப்படும் வணிக ஊர் அது. தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மையார். பிள்ளைக்கு ஆறு வயதானபோது தந்தை இறந்தார். தாய் தம் நகைகளை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பையன் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாமனுடைய துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தான். படிப்பு வேண்டாம் என்று அவன் நிற்கவில்லை. வீட்டு நிலைமை நிறுத்தியது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளி நின்றது, ஆனால் படிப்பு நிற்கவில்லை. கடையில் இருந்தபடியே பத்திரிகை படித்தார். பொதுக்கூட்டங்களில் பேச்சுகளைக் கேட்டார். 1919இல் பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது அவருக்கு வயது பதினாறுகூட நிரம்பவில்லை. அந்தச் செய்தி அவரைக் காங்கிரசுக்கு இழுத்தது. 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதாகி, வங்காளத்தின் அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழித்தார். சிறையிலும் புத்தகங்களை விடவில்லை. ஆங்கிலமும் அங்கேதான் அவருக்குக் கைவந்தது. பள்ளி தராததை அவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கும் வழி அது. எல்லாப் பிள்ளைகளையும் அந்த வழியில் அனுப்ப முடியுமா?

1940இல் அவர் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். 1954 ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார்.

அப்போது மாநிலத்தில் ஒரு பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு முன் முதலமைச்சராக இருந்த இராஜாஜி 1953இல் ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் அவர்கள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கும் பள்ளிகளிலேயே அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். குலத்தொழிலுக்குள்ளேயே பிள்ளையை அடைத்துவிடும் திட்டம் என்று எதிர்த்தவர்கள் கூறினார்கள். காமராசர் வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நேயர்களே, இந்த வாதம் நமக்குப் புதிதன்று. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஆனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஓய்வு நேரத்து ஆசிரியர். பிள்ளைகளில் பலர் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் பெற்றோருடன் காட்டிலுமாக வளர்ந்தார்கள். தாத்தா பால் வெட்டினார், அப்பா பால் வெட்டினார், பிள்ளையும் பால் வெட்டினான். சட்டம் ஏதும் சொல்லாமலே நம்மிடம் குலத்தொழில் உருவாகிவிட்டது.

காமராசர் வேறு வழியில் போனார். பிள்ளைகள் நடந்துபோகும் தொலைவில், ஒரு மைலுக்குள், தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கோளாக்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவருக்கு வலக்கையாக நின்றார். சிற்றூர்களில் புதிய பள்ளிகள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிவரை கட்டணம் நீக்கப்பட்டது.

பள்ளி திறந்தால் மட்டும் போதவில்லை. இதைப் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராசர் கேட்டாராம். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்று பையன் திருப்பிக் கேட்டானாம். கதை நடந்த இடத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் அதன் உட்பொருள் வரலாற்று உண்மை. பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. 1956இல், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில், மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

பள்ளியில் சோறு போடுவது அவர் கண்ட புதுமை அன்று. 1920இலேயே நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கி, சில ஆண்டுகளில் நின்றுபோனது. காமராசரின் சிறப்பு அதை மாநிலம் முழுவதும் கொண்டுசென்றதில் இருக்கிறது. அரசுப் பணம் மட்டும் அதற்குப் போதவில்லை. செலவில் ஒரு பகுதியை ஊர் மக்களே ஏற்றார்கள். அறுவடைக் காலத்தில் நெல் கொடுத்தார்கள், காய்கறி கொடுத்தார்கள், விறகு கொடுத்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, பலகை, நாற்காலி, மணி, குடிநீர்ப் பானை என்று பள்ளிக்கு வேண்டியதை ஊரார் வாங்கித் தந்தார்கள். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது.

சிறு தொகை சேர்ந்தால் பெரிய காரியம் ஆகும் என்பதை நாமும் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இனிக் காமராசரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமாகவே விட்டு விலகினார். காமராசர் திட்டம் என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டில் ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் பதவி துறந்தார்கள். பிறகு அவர் அகில இந்தியக் காங்கிரசுத் தலைவரானார். நேரு 1964இல் மறைந்தபோது லால் பகதூர் சாஸ்திரியும், சாஸ்திரி 1966இல் மறைந்தபோது இந்திரா காந்தியும் பிரதமராக வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் 1967 தேர்தலில், தாம் பிறந்த விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காங்கிரசுக்கு எதிராக மக்களைத் திருப்பியிருந்தன. எவ்வளவு நன்மை செய்தவரும் மக்களின் அன்றாடத் துன்பத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் வரலாறு தரும் பாடம். அவர் 1969இல் நாகர்கோவிலில் நாடாளுமன்றத்துக்கு வென்றார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்குச் சொந்த வீடு இல்லை. சென்னையில் குடியிருந்தது வாடகை வீடு. 1976இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளைத் தமிழ்நாட்டில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இத்தனையும் அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். “அண்ணே, ஆறாம் வகுப்போடு நின்றவர் கைக்கு அதிகாரம் வந்ததும் முதலில் செய்த காரியம் என்ன? தம்மைப்போல் இன்னொரு பிள்ளை நின்றுவிடக் கூடாது என்றுதானே பாடுபட்டார்? அவர் படத்தை மாட்டிவிட்டு, பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பலாமா?” என்று கேட்டேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “பஸ் காசுதான் வாத்தியாரே இடிக்குது. மூணு பிள்ளைங்களுக்கும் கட்ட முடியல.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மணி நேரம் வரலாறு சொன்ன நான், மாடு மேய்த்த பையனிடம் காமராசர் கேட்டதாகச் சொல்லப்படும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டேன். பிள்ளை ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டிருந்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மறுவாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல் இதைப் பேசினேன். தோட்டத்தில் அப்படி நின்றுபோனவர்கள் இன்னும் நான்கு பேர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்தோம். கடைக்காரர் ஒருவர் ஒரு பங்கு ஏற்றார். மாதம் பிறந்ததும் அந்தப் பையன் விடியற்காலை இருட்டில் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தேன்.

நேயர்களே, உங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால், புத்திமதி சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். பஸ் காசா, சட்டையா, காலைப் பசியா, வீட்டில் நோயாளியா என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் நாலு பேர் சேர்ந்து வழி காணலாம். சுவரில் இருக்கும் அந்தப் பெரியவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இதுதான்.